வாயில் காக்கும் சவ்வு

பீட்ரூட் கிழங்கைத் துண்டுகளாக நறுக்கி, வெட்டிய பரப்பில் ஒட்டியுள்ள சாறு போகும்வரை நன்கு கழுவி, ஒரு குவளைத் தண்ணீரில் இட்டுவைப்போம். நெடுநேரம் வைத்திருந்தாலும் அத்தண்ணீர் பெரிதாகச் சிவப்பதில்லை. அதே துண்டுகளைக் கொதிநீரில் இட்டால் சில நிமிடங்களில் நீர் முழுவதும் செந்நிறமாகிவிடுகிறது. கிழங்கும் ஒன்றே, நிறமும் ஒன்றே. முதல் குவளையில் நிறத்தை உள்ளேயே நிறுத்திவைத்த ஒன்று, இரண்டாம் குவளையில் அழிந்துபோயிற்று. கிழங்கின் ஒவ்வொரு செல்லையும், அதனுள்ளே நிறச்சாறு நிறைந்திருக்கும் நுண்குமிழையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வே அது. வெப்பம் சவ்வைச் சிதைத்ததும் நிறம் தடையின்றி வெளியேறுகிறது.

உயிருள்ள செல்லை விளக்கப் புகும் நூல்கள் பெரும்பாலும் உட்கருவிலிருந்தே தொடங்குகின்றன. எல்லையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நம் குருதியிலுள்ள முதிர்ந்த சிவப்பணுக்களுக்கு உட்கரு இல்லை. இருந்தும் அவை ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்ந்து உயிர்வளியைச் சுமக்கின்றன. பாக்டீரியங்களுக்கும் சவ்வால் சூழப்பட்ட உட்கரு கிடையாது. ஆனால், சவ்வு இல்லாத செல் என்று ஒன்று உலகில் இல்லை. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்னும் தேர்வு நடைபெறும்வரையில்தான் செல் உயிரோடிருக்கிறது.

அறையும் அணுவும் கலமும்

1665ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் இராபர்ட் ஹூக், புட்டிகளை அடைக்கும் தக்கையை மிக மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கினார். தேன்கூடு போல அடுத்தடுத்து அமைந்த வெற்றறைகள் அவருக்குப் புலப்பட்டன. ஒரு கன அங்குலத் தக்கையில் இத்தகைய அறைகள் 120 கோடிக்கும் மேல் இருக்கும் என்று கணக்கிட்ட அவர், சிற்றறை எனப் பொருள்படும் 'செல்' என்னும் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். அவர் கண்டவை உயிருள்ள செல்கள் அல்ல. மரப்பட்டையின் செல்கள் இறந்தபின் எஞ்சிய சுவர்களே. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆலந்து நாட்டுத் துணி வணிகர் ஆண்டன் வான் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளின் வழியே நீரில் ஓடித் திரியும் ஒருசெல் உயிரிகளைக் கண்டார். 1831இல் இராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் உட்கருவைக் கண்டு விளக்கினார். தாவரங்களும் விலங்குகளும் செல்களால் ஆனவை என்பதை 1838, 1839 ஆகிய ஆண்டுகளில் ஷிலைடன், ஷ்வான் ஆகியோர் நிறுவினர். ஒவ்வொரு செல்லும் முன்னர் இருந்த செல்லிலிருந்தே தோன்றும் என்பதை 1855இல் ருடால்ஃப் விர்ஷோ வலியுறுத்தினார்.

இதற்குத் தமிழில் வழங்கும் சொற்களும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செல்' என ஒலிபெயர்த்து வழங்குகின்றன. 'உயிரணு' என்பதும் வழக்கில் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. அணு என்பது பகுக்கவியலாத சிறுமையைக் குறித்து வந்த சொல். செல்லோ பல பகுதிகளை உள்ளடக்கியது. அறை என்றால் சுவரே முதன்மை பெறும். கலம் என்னும் சொல், தான் கொண்டதைச் சிந்தாமல் காக்கும் பாண்டத்தை நினைவூட்டுகிறது. இச்சொற்களுள் பொருளோடு மிக நெருங்கி நிற்பது அதுவே எனலாம். ஆயினும் ஒரு குறை உண்டு. பாண்டத்துக்கு வாய் ஒன்று. செல்லின் எல்லையிலோ எண்ணற்ற வாயில்கள்.

எண்ணெயால் ஆன எல்லை

செல்லின் எல்லை எதனால் ஆனது என்பதை நுண்ணோக்கி காட்டவில்லை. அது அத்துணை மெல்லியது. 1890களில் எர்னஸ்ட் ஓவர்டன் என்னும் ஆய்வாளர், எண்ணெயில் எளிதில் கரையும் பொருள்கள் செல்லினுள் விரைந்து நுழைவதையும், நீரில் மட்டுமே கரைபவை தயங்கி நிற்பதையும் கண்டார். எல்லையே கொழுப்புத் தன்மை உடையதாக இருத்தல் வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார்.

1925இல் ஆலந்தின் லைடன் நகரில் கார்ட்டர், கிரென்டல் ஆகிய இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதனை நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தனர். படலத்தின் பரப்பு, அச்செல்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இருந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது என்றனர். கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்காதது ஒன்று, செல்லின் பரப்பைக் குறைத்து மதிப்பிட்டது மற்றொன்று என அவர்தம் ஆய்வில் இரு பிழைகள் இருந்தமை பின்னர் தெரியவந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் முடிவு சரியாக அமைந்தது! அறிவியல் வரலாற்றில் இத்தகைய நற்பேறு அரிது.

சவ்வின் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிட் எனப்படும் கொழுப்பு. இதன் மூலக்கூறுக்கு நீரை நாடும் தலை ஒன்றும், நீரை வெறுக்கும் வால்கள் இரண்டும் உண்டு. நீரில் விடப்பட்ட இம்மூலக்கூறுகள், தலைகள் இருபுறமும் நீரை நோக்கியும் வால்கள் நடுவே ஒளிந்தும் தாமாகவே ஈரடுக்காக அணிவகுத்துக்கொள்கின்றன. இவ்வாறு அமையும் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர். பதின்மூவாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் எழுதும் தாள் ஒன்றின் கனம் வரும்.

உயிர்வளியும் கரியமில வாயுவும் இந்தக் கொழுப்புப் படலத்தை எளிதாகக் கடந்து செல்கின்றன. சர்க்கரை, உப்பின் அயனிகள், அமினோ அமிலங்கள் ஆகியவற்றால் அவ்வாறு கடக்க இயலாது. செல்லுக்கு இவையும் தேவை. முற்றிலும் அடைத்த வீட்டில் வாழ முடியாது. கதவே இல்லாத வீட்டிலும் வாழ முடியாது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பவை சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள். கொழுப்புப் படலம் உறைந்த சுவரன்று, நெகிழ்ந்து நகரும் பாய்மப் பரப்பு என்றும், புரதங்கள் அதில் மிதக்கின்றன என்றும் 1972இல் சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் விளக்கினர்.

உப்பை நகர்த்தினால் நீர் நகரும்

வாயில்கள் பல வகையின. சில, ஓர் அயனிக்கு மட்டும் இடம்விடும் கால்வாய்கள். நீருக்கென்றே தனிக் கால்வாய்கள் உள்ளன. இவற்றைக் கண்டறிந்தமைக்காகப் பீட்டர் ஏக்ரி 2003இல் நோபல் பரிசு பெற்றார். சில, பொருளைப் பற்றி மறுபுறம் கொண்டுசேர்க்கும் கடத்திகள். இன்னும் சில, ஆற்றலைச் செலவிட்டு எதிர்த்திசையில் தள்ளும் இறைப்பான்கள்.

நீரின் இயல்பு தனித்தது. மாவடுவில் உப்பைப் பிசிறிச் சாடியில் வைத்தால், ஓரிரு நாளில் சாடியில் நீர் ஊறி நிற்பதையும் வடு சுருங்குவதையும் காண்கிறோம். அந்நீரை எவரும் ஊற்றவில்லை. வெளியே உப்பின் செறிவு மிகுந்ததால், வடுவின் செல்களிலிருந்த நீர் சவ்வைக் கடந்து வெளிவந்தது. இதுவே சவ்வூடு பரவல். நீரை நேராக இறைக்கும் கருவி எதுவும் நம் செல்களில் இல்லை. நீரை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் கொண்டுசெல்ல வேண்டுமெனில், உப்பையோ சர்க்கரையையோ முதலில் நகர்த்த வேண்டும். நீர் தானே பின்தொடரும். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அடிப்படை இந்த ஒரு செய்தியே.

நம் செல்களுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பொட்டாசியமோ வெளியே இருப்பதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு உள்ளே இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கட்டிக்காப்பது சோடியம்–பொட்டாசியம் இறைப்பான் என்னும் புரதம். டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ஸ்கோ நண்டின் கால் நரம்புகளை ஆய்ந்து 1957இல் இதனை வெளிப்படுத்தினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஏ.டி.பி. எனப்படும் ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது இவ்விறைப்பான். இது நின்றுபோனால் செல் நீரேறி வீங்கிச் சிதையும். நாம் உறங்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் கணிசமான பங்கு இப்பணிக்கே செல்கிறது.

வெளியே நெருக்கிக்கொண்டு நிற்கும் சோடியம், அணையில் தேக்கிய நீரைப் போன்றது. மதகைத் திறந்தால் பாயும் நீர் விசையாழியைச் சுழற்றுகிறது அல்லவா? அவ்வாறே, உள்ளே பாயும் சோடியத்தின் விசையைக் கொண்டு வேறு பொருள்களை உள்ளே இழுத்துக்கொள்ளச் செல்லுக்கு வழி உண்டு.

ஒரு வாயில் உருவாகும் விதம்

செல்லின் பிற உறுப்புகளை, அவை ஒரு வாயிற் புரதத்தை உருவாக்கப் படும் பாட்டின் வழியாகவே காணலாம். அப்புரதத்துக்கான செய்தி, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. மூலப்படி உட்கருவை விட்டு வெளியேறுவதில்லை. அதன் நகலாகிய தூது ஆர்.என்.ஏ. உட்கருவின் துளைகள் வழியே சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. அங்கு ரைபோசோம்கள் செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கின்றன. கோக்கப்படும் இழை எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் செருகப்பட்டு, மடிந்து உருப்பெறுகிறது. கோல்கை உறுப்பு அதனைத் திருத்திச் செப்பனிட்டு, உரிய இடம் நோக்கி அனுப்புகிறது. சிறு குமிழ் ஒன்றில் ஏறிச் சென்று செல் சவ்வோடு கலந்த பின்னரே அது வாயிலாகிறது. இத்தனைக்கும் வேண்டிய ஏ.டி.பி.யைப் பெருமளவு ஆக்கித் தருபவை மைட்டோகாண்ட்ரியாக்கள். தேய்ந்துபோன வாயில்களை லைசோசோம்கள் சிதைத்து, மூலப்பொருள்களை மீட்கின்றன. தாவரச் செல்களில் இவற்றோடு, கதிரொளியைக் கொண்டு சர்க்கரை ஆக்கும் பசுங்கணிகமும் சவ்வுக்கு வெளியே உறுதியான செல் சுவரும் உண்டு.

சிவப்பணுவின் வாழ்நாள் ஏன் நான்கு மாதத்தில் முடிகிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதியும் இங்குக் கிடைக்கிறது. மூலப்படியும் இல்லை, ரைபோசோமும் இல்லை. பழுதான புரதத்தை மாற்ற அதனால் இயலாது.

இத்தொழிற்கூடத்தின் கண்டிப்பு வியப்பளிப்பது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் ஒரு பிறவி நோய். குளோரைடு அயனிக்கான வாயிற் புரதம் 1,480 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் ஒன்றே ஒன்று விடுபட்டுப்போவதே இந்நோய்க்கு மிகப் பரவலான காரணம். புரதம் சரியாக மடியாததால், செல்லே அதனைத் தகுதியற்றதெனக் கண்டு, சவ்வை அடையும் முன்னரே அழித்துவிடுகிறது. இதே குளோரைடு வாயில், திறக்க வேண்டிய அளவுக்கு மீறித் திறந்துகொண்டால் என்ன நேரும்? அதற்கு விடை காலரா.

சிறுகுடலில் நிகழ்வது

சிறுகுடலின் உட்பரப்பை ஒற்றை அடுக்குச் செல்களே மூடியிருக்கின்றன. இச்செல்களின் வாழ்நாள் மூன்று முதல் ஐந்து நாள்கள்தாம். ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் சவ்வு ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகளாக மடிந்து நீண்டிருக்கிறது. நாம் அருந்தும் நீரும், உமிழ்நீர் முதலான செரிமானச் சாறுகளும் சேர்ந்து நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது லிட்டர் நீர்மம் குடலை வந்தடைகிறது. அதில் கால் லிட்டருக்கும் குறைவே மலத்தோடு வெளியேறும். எஞ்சியது முழுவதும் செல்கள் வழியாகக் குருதிக்குத் திரும்பிவிடுகிறது.

காலரா பாக்டீரியம் குடல் செல்லுக்குள் நுழைவதுமில்லை, சவ்வைக் கிழிப்பதுமில்லை. அது சுரக்கும் நச்சு மட்டுமே உள்ளே செல்கிறது. பாக்டீரியம் நீக்கப்பட்ட வடிநீரே முயலின் குடலில் நீரைப் பெருக்கெடுக்கச் செய்யும் என்பதைக் கொல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் மெய்ப்பித்தார். இந்நச்சு, செல்லினுள் உள்ள ஒரு சமிக்ஞைப் புரதத்தை ஓயாமல் இயங்கும் நிலையில் பூட்டிவிடுகிறது. குளோரைடு வாயில்கள் திறந்தபடியே நிற்கின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியம் அதனைத் தொடர்கிறது. நீர் இரண்டையும் பின்தொடர்கிறது. கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும். உடல் வற்றிச் சில மணி நேரத்தில் இறப்பு நேரிடும். தண்ணீரை மட்டும் பருகக் கொடுத்தால் பயனில்லை. உப்பு நீரைக் கொடுத்தாலும் போதாது. சிரை வழியே உப்புக்கரைசலை ஏற்றுவதே வழி என மருத்துவ உலகம் நம்பியிருந்தது. மருத்துவமனையும் ஊசியும் கிருமியகற்றிய கரைசலும் இல்லாத இடங்களில் மக்கள் மாண்டனர்.

1960ஆம் ஆண்டு பிராகா நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் இராபர்ட் கிரேன் ஒரு கருத்தை முன்வைத்தார். குடல் செல் குளுக்கோசைத் தனியே உறிஞ்சுவதில்லை. சோடியத்தோடு சேர்த்தே, ஒரே வாயில் வழியே இழுத்துக்கொள்கிறது என்பதே அது. இரண்டு சோடியம் அயனிகளுக்கு ஒரு குளுக்கோஸ் என்பது அந்த வாயிலின் கணக்கு. இரண்டும் வந்தால்தான் கடத்தல் முறையாக நடக்கும். உள்ளே வந்த சோடியத்தை, செல்லின் அடிப்புறத்திலுள்ள இறைப்பான் குருதியை நோக்கித் தள்ளுகிறது, குளுக்கோசும் அடிப்புற வாயில் வழியே வெளியேறுகிறது, நீர் பின்தொடர்கிறது. காலரா நச்சு இந்த வாயிலைத் தொடுவதே இல்லை. ஒரு பக்கம் வெள்ளம் வெளியேறிக்கொண்டிருக்கும்போதும், உட்செல்லும் வழி ஒன்று பழுதின்றி இருக்கிறது. உப்போடு சர்க்கரையும் சேர்ந்தால் அது திறக்கும்.

உப்பும் சர்க்கரையும்

வாய்வழியாக உப்பும் சர்க்கரையும் கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றலாம் என்று 1953ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி எழுதியிருந்தார். அன்று அது பரவலாக ஏற்கப்படவில்லை. அது எப்படிப் பயன்படுகிறது என்பதற்கான செல் அளவிலான விளக்கம் அப்போது இல்லாததும் ஒரு காரணம் எனக் கருதலாம். விளக்கம் கிடைத்தபின், 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் ஆகியோரின் ஆய்வு, இக்கரைசல் சிரைவழிக் கரைசலின் தேவையைப் பெரிதும் குறைப்பதை உறுதிசெய்தது.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்கான் என்னும் ஊரின் முகாமில் காலரா பரவியது. கட்டில்கள் போதாமல் நோயாளிகள் தரையில் கிடந்தனர். சிரைவழிக் கரைசல் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு துணிந்த முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இவற்றை நெகிழிப் பைகளில் பொட்டலமிட்டு வரவழைத்து, பீப்பாய்களில் கரைத்துவைத்தார். நோயாளியின் தாயோ தம்பியோ குவளையில் முகந்து கொடுத்தால் போதும். மருத்துவப் பயிற்சி வேண்டியதில்லை. முகாம்களில் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, இக்கரைசலைப் பருகிய 3,700க்கும் மேற்பட்டோரிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் உலக சுகாதார அமைப்பு இதனை உலகெங்கும் பரப்பியது. ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரில் இன்று மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைப்பது இதன் வழிவந்ததே. 2022இல் மறைந்த மகலனாபிசுக்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவர் பெயரை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பையும் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையையும் கரைத்துக்கொள்ளலாம். கரண்டியைக் குவித்து அளக்காமல் தலைதட்டி அளத்தல் வேண்டும். சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் குடலில் செறிவு மிகுந்து, சாடியிலிட்ட மாவடுவுக்கு நேர்ந்ததே குடல் செல்களுக்கும் நேரும். நீர் உள்ளே செல்வதற்கு மாறாக வெளியே வரும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் இனிப்பு மிகுந்த குளிர்பானங்களைக் கொடுப்பது தீங்காவது இதனால்தான். உலக சுகாதார அமைப்பும் 2002இல் தன் கலவையிலுள்ள குளுக்கோசின் அளவை லிட்டருக்கு 20 கிராமிலிருந்து 13.5 கிராமாகக் குறைத்தது, உப்பும் குறைக்கப்பட்டது. கண்கள் குழிந்து, உணர்வு மங்கி, பருகவும் இயலாத நிலையிலுள்ளவருக்குச் சிரைவழிச் சிகிச்சையே தேவை. அவரை உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் இதே வாயிலைத்தான் திறக்கிறது. கஞ்சியிலுள்ள மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோசாகப் பிரிகிறது; எனவே, ஒரேயடியாகச் செறிவு கூடி நீரை வெளியே இழுப்பதில்லை. அரிசி மாவைக் கொண்டு செய்த உப்புக்கரைசல், காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கைக் குளுக்கோஸ் கரைசலைவிடக் குறைப்பதாகப் பின்னாளைய ஆய்வுகள் காட்டியுள்ளன.